தேட விடாமல் செய்துவிட்டு, யாரும் தேடவில்லை என்கிறீர்கள்

மாவட்ட நூலக ஆணைக்குழுத் தலைவர், உறுப்பினர்கள், மாவட்ட நூலக அலுவலர் ஆகியோருக்கு,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு தடவைகூட இரவல் போகாத நூல்களை இருப்பிலிருந்து நீக்கப் போகிறீர்கள், அதற்கான பட்டியல் தயாராகிறது, புது வரவுகளுக்கு அலமாரியில் இடம் இல்லாததால் இந்த ஏற்பாடு என்று அதில் கண்டிருக்கிறது. கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. வாசகர்களைக் கேட்டதாக ஒரு வரி இல்லை.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. நீக்கப்படப் போகும் நூல்களில் பெரும்பங்கு மாடி அறையில் இருக்கிறது. கட்டடத்தைப் புதுப்பித்த நாளிலிருந்து அந்த அறை பூட்டியே கிடக்கிறது. கீழ்த்தளத்தில் இருப்பவை எது எங்கே என்று பணியாளருக்கே தெரியாத நிலையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. என்னென்ன நூல் இருக்கிறது என்று வாசகர் அறிய இருந்த ஒரே வழி அட்டைப் பட்டியல். அதையும் எடைக்குப் போட்டாயிற்று. இவ்வளவும் செய்த பிறகு, இந்த நூல்களை யாரும் எடுக்கவில்லை என்று கணக்குக் காட்டினால் அது எந்த ஊர் நியாயம்? எடுக்க முடியாதபடி வைத்தது நிர்வாகம். தண்டனை மட்டும் நூலுக்கா?

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இங்கே உறுப்பினரானவன். விவசாயம் பார்க்கிறேன். அதோடு எங்கள் வட்டாரத்துக் கண்மாய்களைப் பற்றிப் பல காலமாகக் குறிப்பெடுத்து வருகிறேன். வாசகர் வட்டத்திலும் இருக்கிறேன். இந்த அலமாரிகள் முன்பு எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

புதுப்பித்தது தேவையான காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழைக்காலத்தில் ஒழுகும் கூரை, பெயர்ந்த தரை, பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத நிலை, இவையெல்லாம் சரியாகியிருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனிக் கூடம் கிடைத்திருக்கிறது. காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்கிறார்கள். வீட்டில் ஒரு மேசை போட இடமில்லாத பிள்ளைகள் அவர்கள். அந்தக் கூடத்தை யாரும் தொடக்கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் அந்தக் கூடத்துக்கு இடம் பிடிப்பதற்காக இரவல் பிரிவின் பாதியைக் காலி செய்து, அந்த நூல்களை மாடியில் போட்டுப் பூட்டியிருக்க வேண்டியதில்லை. நூலகத்துக்குள் படிப்பதற்கு நாற்காலி இருக்கிறது, நூல் இல்லை என்ற நிலை அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லதல்ல.

அலமாரி விஷயத்துக்கு வருகிறேன்.

முன்பு ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் ஒரு வெள்ளைச் சீட்டு இருக்கும். பழைய நூல்களில் கோலன் பகுப்பு எண், பிற்பாடு வந்தவற்றில் டூயி தசமப் பகுப்பு எண்; நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் முறைகள் இவை. இரண்டும் கலந்திருந்தது ஒரு குறைதான். இருந்தாலும் எண்ணுக்கு ஒரு பொருள் இருந்தது. கோலன் முறையில் ஓ என்ற ஆங்கில எழுத்து இலக்கியத்தைக் குறிக்கும். அடுத்து வரும் 31 தமிழ். அதன் பின் 1 என்றால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. அதற்கும் அடுத்து ஆசிரியர் பிறந்த ஆண்டு வரும். 1899-ல் பிறந்த கல்கியின் நாவல்களைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன். அப்படியே இடமிருந்து வலமாகப் போனால் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கதை எப்படி வந்தது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். எனக்கு இலக்கிய வரலாறு என்று யாரும் பாடம் எடுத்ததில்லை. அந்த வரிசையில் நடந்து நடந்து தெரிந்துகொண்டதுதான்.

இப்போது பதிப்பகம் வாரியாக அடுக்கியிருக்கிறீர்கள். ஒரு பதிப்பகத்துக்குள் உயரம் வாரியாக. ஒரே அளவு, ஒரே மாதிரி முதுகு என்று வரிசை பார்க்கச் சீராக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஆசிரியரின் நூல்கள் நான்கு பதிப்பகங்களில் வந்திருந்தால் நான்கு மூலைகளில் கிடக்கின்றன. தென்னை வளர்ப்பும் சிறுகதைத் தொகுப்பும் சர்க்கரை நோய் உணவுமுறையும் ஒரே தட்டில் நிற்கின்றன, அச்சிட்டவர் ஒருவர் என்பதால். மருந்துக் கடையில் மாத்திரைகளை டப்பாவின் உயரம் பார்த்து அடுக்கினால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

முதுகிலிருந்த சீட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பட்டைக் குறியீடு (பார்கோடு) ஒட்டியிருக்கிறீர்கள். அதில் இருப்பது சேர்க்கை எண் மட்டும். அந்த நூல் எத்தனையாவதாக உள்ளே வந்தது என்று அது சொல்லும். எதைப் பற்றியது, அதன் பக்கத்தில் எது நிற்க வேண்டும் என்று சொல்லாது. இரவல் கொடுத்து வாங்குவதற்குப் பட்டைக் குறியீடு நல்ல வசதி. பகுப்பு எண்ணின் வேலையை அதனால் செய்ய முடியாது. இரண்டுக்கும் முதுகில் இடம் இருந்தது.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் ஒரு மடையின் முறைப்பாசனத்தில் தகராறு வந்தது. யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதில் பழைய வழக்கம் என்ன என்று காட்ட வேண்டியிருந்தது. பொதுப்பணித் துறைக்குப் போகும் மனுவில் வாய்வார்த்தை நிற்காது, அச்சில் இருக்கும் ஆதாரம் வேண்டும். மாவட்டத்தைப் பற்றிய விவரங்களைத் தொகுத்த அரசு நூலான மாவட்டக் கெசட்டியரின் பழைய பதிப்பும், கண்மாய்ப் பாசனம் பற்றிய ஓர் ஆய்வு நூலும் இந்த நூலகத்தில் இருந்ததை நான் அறிவேன். நானே இரண்டையும் எடுத்துப் படித்திருக்கிறேன். ஆய்வு நூல் சிவப்புக் காலிகோ கட்டு, முதல் பக்கத்தில் ஊதா மையில் நூலக முத்திரை.

போய்க் கேட்டேன். நூலகர் பாவம், இரண்டு கிளைகளுக்குக் கூடுதல் பொறுப்பு பார்க்கிறவர். "சார், எனக்கும் தெரியலை. பதிப்பகம் பாத்து அடுக்கச் சொல்லிட்டாங்க. நான் மாறுதல்ல வர்றதுக்கு முன்னாடியே அடுக்கியாச்சு. நீங்களே ஒரு பார்வை பாத்துருங்க" என்றார். அலமாரி அலமாரியாகப் பார்த்தேன். ஆய்வு நூல் கடைசியில் கிடைத்தது. உயரமான புத்தகங்களுக்கென்று விட்டிருக்கும் மேல்தட்டில், ஒரு சமையல் தொகுப்புக்கும் சிறுவர் நிலப்படத்துக்கும் நடுவில் தலைகீழாகச் செருகியிருந்தது. முதுகில் சீட்டுச் சுரண்டிய இடத்தில் துணி கிழிந்து தையல் இழை தெரிந்தது. கெசட்டியர் கீழே எங்கும் இல்லை. மாடியில் இருக்கலாம், சாவி மாவட்ட அலுவலகத்தில், கடிதம் எழுதிக் கேளுங்கள் என்றார்கள். எழுதினேன். பதில் இல்லை. மனு கெசட்டியர் இல்லாமலேயே போயிற்று.

பொதுமக்கள் வரியில் வாங்கி, பொது இடத்தில் வைத்திருக்கும் ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பார்க்க அலுவலகத்துக்கு மனுப் போட வேண்டும் என்றால் அது நூலகம் என்ற பெயருக்கே பொருந்தாது. அந்தக் கெசட்டியரும் இப்போது ஐந்தாண்டுகளாக யாரும் எடுக்காத நூல்களின் கணக்கில் வரும். நோக்கு நூல் என்பதால் அது இரவலுக்கே போகாது என்பது உங்கள் கணக்கில் எங்கே வருகிறது? அகராதி, கலைக்களஞ்சியம், கெசட்டியர், கல்வெட்டுத் தொகுதி, நிலப்படம் எல்லாம் அங்கேயே உட்கார்ந்து புரட்டிவிட்டு வைப்பவை. இரவல் பதிவேட்டில் அவற்றின் பெயர் எந்தக் காலத்திலும் ஏறாது. அறிவிப்பில் நோக்கு நூல்களுக்கு விலக்கு என்று ஒரு சொல்கூட இல்லை.

அட்டைப் பட்டியலைப் பற்றி என்னால் அமைதியாக எழுத முடியவில்லை. தேக்கு மரத்தில் செய்த இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் அட்டைகள் சிதறாமல் இருக்க அடியில் துளையிட்டு ஒரு கம்பி ஓடும். ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஓர் அட்டை. எந்த முனையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் நூலை அடையலாம். எங்கள் நூலகத்தில் முன்பு இருந்த ஒரு நூலகர், தம் கையால் பச்சை மையில் எழுதிச் சேர்த்த அட்டைகள் பல உண்டு. "குடிமராமத்து: காண்க, நீர்ப்பாசனம்" என்று ஒன்று. "கண்மாய்: மேலும் காண்க, வருவாய் நிர்வாகம், கல்வெட்டு" என்று இன்னொன்று. கண்மாயைத் தேடி வருகிறவனுக்குக் கல்வெட்டிலும் விஷயம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது படித்துப் பழகிய ஒருவர் இந்த ஊருக்குச் செய்துவைத்த உதவி. வேறு எந்த நூலகத்திலிருந்தும் அதை வரவழைக்க முடியாது. அதை இழுப்பறையோடு பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டீர்கள். கொடுக்கும் முன் படம்கூட எடுத்து வைக்கவில்லை.

கணினிப் பட்டியல் வந்துவிட்டது, அட்டை எதற்கு என்று பதில் வந்தது. சரி, கணினியைப் பார்ப்போம். அது நூலகரின் மேசையில் இருக்கிறது, வாசகர் தொட முடியாது. அவரிடம் சொல்லித் தேடச் சொன்னால், தலைப்பின் முதல் சொல் சரியாகத் தெரிந்தால்தான் ஏதாவது வரும். பொருள் என்ற கட்டம் எல்லாப் பதிவிலும் காலி. ஆரம்பத்தில் பதிந்தவை பழைய எழுத்துருவில் இருப்பதால் திரையில் புரியாத ஆங்கிலக் கிறுக்கலாக வருகின்றன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்று ஆணை போட்டது 2010-ல். இத்தனை ஆண்டு கழித்தும் அவற்றை மாற்றவில்லை.

பெயர்களின் கதை இன்னும் மோசம். உ.வே.சாமிநாதையர் ஒரு பதிவில் உ.வே.சா., ஒன்றில் சாமிநாத ஐயர், இன்னொன்றில் சுவாமிநாத அய்யர், வேறொன்றில் ஆங்கில எழுத்தில். நான்கும் கணினிக்கு நான்கு வேறு ஆட்கள். சுஜாதா என்று தேடினால் எழுத்தாளர் ரங்கராஜனின் பெயரில் பதிந்தது வராது. புதுமைப்பித்தன் என்று தேடினால் சொ. விருத்தாசலம் வர மாட்டார். தமிழில் புனைபெயர் இல்லாத எழுத்தாளர் குறைவு. முதலெழுத்து முன்னால் வருவது, ஊர்ப்பெயர் ஒட்டிக்கொள்வது, சாதிப் பட்டம் சில பதிப்பில் இருந்து சில பதிப்பில் விழுந்துவிடுவது என்று நம் பெயர்களுக்கென்றே சிக்கல்கள் உண்டு. இதற்காகத்தான் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு நிலையான பெயரை முடிவு செய்து, மற்றப் பெயர்களிலிருந்து அதற்கு வழிகாட்டும் ஒழுங்கை நூலகத் துறை வைத்திருக்கிறது. உங்கள் அலுவலர்கள் பட்டப்படிப்பில் படித்த பாடம் இது. படிக்காத ஒருவரை ஒப்பந்தத்தில் அமர்த்தி, பதிவுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து வேகமாகத் தட்டச்சு செய்ய வைத்தால் இப்படித்தான் ஆகும். பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருள் அரசு நூலகங்களுக்கு இலவசம். நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலகத்துக்காக உருவாக்கி 2000-ல் வெளிவந்து, இன்று உலகெங்கும் பயன்படும் கோஹா கட்டற்ற மென்பொருள், தமிழையும் ஏற்கும். மென்பொருளுக்குள் எதைப் போடுகிறோம் என்பதில்தான் கோளாறு.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, இது நடக்கும் இடம் தமிழ்நாடு என்பது. உலகத்தில் எந்த நாட்டில் நூலகப் படிப்புப் படித்தாலும் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனைப் படிக்காமல் தாண்ட முடியாது. கணக்கு ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர். வாசகர் நேரே அலமாரிக்குப் போய் எடுத்துப் பார்க்கும் திறந்த அடுக்கு முறையை அங்கே கொண்டுவந்தார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நூல்கள் பயன்பாட்டுக்கு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர். மாவட்ட அலுவலகத்தில் இவை சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன, நானே பார்த்திருக்கிறேன். பூட்டிய மாடியில் முதல் விதி என்ன ஆயிற்று? மேல்தட்டில் தலைகீழாக நிற்கும் நூலுக்கு மூன்றாம் விதி என்ன செய்யும்? நான் அலமாரி அலமாரியாகத் தேடிய பொழுதெல்லாம் நான்காம் விதி எங்கே போயிற்று?

அவர் 1933-ல் கோலன் பகுப்பை வெளியிட்டார். அலமாரி முன்னால் நிற்கிறவருக்கு வேண்டிய நூல் நடுவில், அதற்கு நெருங்கிய உறவுள்ளவை இரு பக்கமும், கொஞ்சம் தள்ளி தூரத்து உறவுகள் என்று வரிசை அமைய வேண்டும் என்பது அவர் பிடித்த பிடி. அப்படி அடுக்கினால் ஒரு நூலைத் தேடி வந்தவர், தாம் கேள்விப்படாத இன்னொரு நூலையும் கையில் எடுத்துக்கொண்டு போவார். பதிப்பக வாரியான அலமாரியில் இது நடக்காது. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை, பாம்புகளைப் பற்றிய புத்தகம் வேண்டும் என்று வந்து கேட்டது. "எந்தப் பதிப்பகம்மா?" என்று திருப்பிக் கேட்டார்கள். குழந்தை விழித்துவிட்டுப் போய்விட்டது. பதிப்பகத்தின் பெயர் தெரிந்தவர்தான் நூலகத்துக்கு வர வேண்டும் என்றால், வீட்டில் ஏற்கெனவே புத்தகம் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் நூலகம்.

எந்தப் பகுப்பு முறையும் குறையில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. 1876-ல் அமெரிக்காவில் மெல்வில் டூயி உண்டாக்கியது பத்துப் பெரும் பிரிவு. அதில் மதத்துக்கான 200-ல் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே போய், மற்ற மதங்கள் எல்லாம் 290-க்குள் நெருக்கிக்கொண்டிருக்கும். தமிழ் இலக்கியம் 894.811 என்று புள்ளிக்கு அப்பால் போய் நிற்கும். எங்கள் கண்மாயை எடுத்துக்கொண்டால் அணை, மடை கட்டும் பொறியியல் 627-ல், வயலுக்குப் பாய்ச்சுவது 631-ல், தமிழ்நாட்டு வரலாறு 954.82-ல். ஒரே விஷயம் மூன்று இடத்தில். அந்தப் பச்சை மை அட்டைகள் அதனால்தான் வேண்டியிருந்தன. நீங்கள் கோலன் வையுங்கள், டூயி வையுங்கள், தமிழ் நூல்களுக்கென்று யோசித்துத் திருத்திய ஒன்றை வையுங்கள். ஏதாவது ஒன்றை ஒழுங்காக, எல்லா நூலுக்கும், எண்ணை முதுகில் ஒட்டி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நூலைப் பகுத்து அடுக்குவது நமக்குப் புதிதுமல்ல. அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்து ஜான் மர்டாக் பட்டியல் வெளியிட்டது 1865-ல். தஞ்சை சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்குப் பர்னெல் வகைப்படுத்திய பட்டியல் அச்சிட்டது 1880-ல். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த புத்தகங்களும் துண்டு அறிக்கைகளும் நாடக நோட்டீசுகளும் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அந்தத் தொகுப்பு ஆய்வாளர்களுக்குப் பயன்படுவது, சேர்த்ததோடு நிற்காமல் ஒவ்வொன்றையும் பட்டியலிட்டதால்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்றும் உங்கள் தரப்பில் ஒருவர் சொன்னார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை நானும் பயன்படுத்துகிறேன், அருமையான பணி. ஆனால் எங்கள் மாடியில் இருப்பவை அங்கே இல்லை. எங்கள் உயர்நிலைப் பள்ளி நூற்றாண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர்கள், கூட்டுறவுச் சங்கத்தின் பொன்விழா மலர், உள்ளூர்ப் புலவர் ஒருவர் தம் செலவில் அச்சிட்ட கும்மிப் பாட்டு, நின்றுபோன ஒரு சிற்றிதழின் கட்டு. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பிக்கும் நூல்களின் படி கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். ஓர் ஊர்க் கமிட்டி போட்ட மலர் அங்கே போயிருக்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? இந்த மலர்களில்தான் எங்கள் ஊரில் எப்போது பஞ்சம் வந்தது, எந்த வருஷம் கண்மாய் உடைந்தது, முதல் பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தது யார் என்பதெல்லாம் இருக்கிறது. இதைப் பழைய காகிதம் என்று தள்ளிவிட்டால் மறுபடி வாங்க எந்தக் கடையும் இல்லை.

நூல்களைக் கழிப்பதே தவறு என்பது என் வாதம் அல்ல. பாடத்திட்டம் மாறிப்போன தேர்வு வழிகாட்டிகள், பூச்சி அரித்து எழுத்தே தெரியாதவை, ஒரே நூலின் எட்டாவது ஒன்பதாவது படிகள், காலாவதியான கணினிக் கையேடுகள் தாராளமாகப் போகட்டும். இடம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் எதைக் கழிப்பது என்று முடிவு செய்யும் முன் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பகுக்காத, பட்டியலிடாத இருப்பை யாரும் மதிப்பிட முடியாது. மலரையும் மக்கிய வழிகாட்டியையும் உங்கள் இரவல் கணக்கு ஒரே தட்டில் நிறுத்துகிறது.

1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன் பின்னாலும் ரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். படிக்கத் தெரியாத என் அம்மாவும் தன் ஓட்டு வீட்டுக்கு அதைக் கட்டினார். அந்தப் பணத்தில் வாங்கிய நூலுக்கு நீங்கள் பொறுப்பாளர்கள். விருப்பம்போல் தள்ளிவிடும் உரிமை யாருக்கும் இல்லை.

ஆகவே கேட்கிறேன். நீக்கும் அறிவிப்பை உடனே திரும்பப் பெறுங்கள். மாடி அறையைத் திறந்து, இருப்பு முழுவதையும் சரிபார்த்துப் பகுத்து முடிக்கும்வரை ஒரு நூலையும் வெளியே அனுப்பாதீர்கள். அறைச் சாவி கிளை நூலகத்திலேயே இருக்கட்டும். வேலை நேரத்தில் வாசகர் கேட்டால் அன்றைக்கே நூலை எடுத்துக் கொடுக்கும்படி எழுத்தில் உத்தரவு கொடுங்கள்.

பதிப்பக வாரியான அடுக்கைக் கலைத்துவிட்டுப் பொருள்வாரியாக அடுக்குங்கள். பகுப்பு எண் முதுகில் திரும்ப வரட்டும். அலமாரிக்கு அலமாரி இங்கே என்ன இருக்கிறது என்று தமிழில் பெரிய எழுத்தில் பலகை வையுங்கள், பாம்பைத் தேடி வரும் பிள்ளை யாரையும் கேட்காமல் போய் எடுக்கும்படி. கணினிப் பதிவுகளை ஒருங்குறிக்கு மாற்றி, ஆசிரியர் பெயர்களை ஒழுங்கு செய்து, பொருள் கட்டத்தை நிரப்பி, வாசகர் தாமே தேட ஒரு கணினியை வெளியே வையுங்கள். இதற்கு நூலக அறிவியல் படித்த ஒருவரைக் குறைந்தது இந்தப் பணி முடியும்வரையாவது முழு நேரமாக அமர்த்துங்கள். இரண்டு கிளைகளுக்கு அலையும் ஒருவர் தலையில் இதையும் கட்டாதீர்கள்.

பிற்பாடு நூல் கழிக்க வேண்டி வந்தால், பட்டியலை ஆசிரியர், தலைப்பு, சேர்க்கை எண்ணோடு 60 நாள் முன்பாகவே வெளியிட்டு, வாசகர் வட்டத்தின் ஆட்சேபத்தைக் கேட்டு முடிவெடுங்கள். நோக்கு நூல்களையும் உள்ளூர் வெளியீடுகளையும் இரவல் கணக்கு வைத்துக் கழிக்கக் கூடாது என்று விதி செய்யுங்கள். உள்ளூர் மலர்களுக்குத் தனி அலமாரி ஒதுக்கி, மின்படி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அட்டைப் பட்டியலை எந்த உத்தரவின் பேரில் விற்றீர்கள், சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள நூல்களில் எத்தனை இன்று கைவசம் இருக்கின்றன என்ற விவரத்தையும் வெளியிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(அ), ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே இந்த விவரம் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஓய்வு பெற்ற இரண்டு நூலகர்கள், சில தமிழாசிரியர்கள், பக்கத்துக் கல்லூரியில் நூலக அறிவியல் படிக்கும் மாணவர்கள் சனி, ஞாயிறுகளில் வந்து உதவ முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தை உங்கள் அலுவலகத்தில் தனியாகக் கொடுத்திருக்கிறேன். மேற்பார்வைக்கு ஓர் அலுவலரை நியமித்து, எந்தத் தேதியில் வேலையைத் தொடங்கலாம் என்று சொல்லுங்கள். அடுத்த ஆணைக்குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இந்த மடலைச் சேர்த்து, அங்கே எடுத்த முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினரும் வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவருமான ஒரு விவசாயி